டிரை ரப்புக்கு வயது என்ன?

அமெரிக்க பார்பிக்யூ பற்றிய சமையல் புத்தகங்களில் 'டிரை ரப்' தவறாமல் வந்துவிடும். கறியை நெருப்பில் ஏற்றுவதற்கு முன்னால் மேலே அழுத்தித் தேய்க்கிற உலர்ந்த மசாலாப் பொடிதான் அது. பல நேரம் அதோடு ஒரு கதையும் சேர்ந்து வரும்: தாத்தா காலத்து ரகசியம், குடும்பத்துக்கு வெளியே போகாத கலவை என்று. நம்மூர் பிரியாணிக் கடைகள் 'பாரம்பரிய' என்று போர்டு வைப்பது மாதிரிதான்.

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டால் எனக்கு முதலில் சேர்மானப் பட்டியலைப் பார்க்கத் தோன்றும். மென்பொருள் வேலை கொடுத்த பழக்கம் இது. ஒரு நிரல் எவ்வளவு பழையது என்று அதை எழுதியவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அது எந்தெந்த லைப்ரரிகளை நம்பி ஓடுகிறதோ, அவற்றில் கடைசியாக வந்ததைவிட அந்த நிரல் பழையதாக இருக்க முடியாது. மசாலாவுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

வீட்டில் கலக்கிற வழக்கமான டிரை ரப்பில் இருப்பவை இவை: உப்பு, மிளகு, பழுப்புச் சர்க்கரை, பாப்ரிகா, சில்லி பவுடர், சீரகம், பூண்டுத் தூள், வெங்காயத் தூள். இவற்றுக்கு ஒவ்வொன்றாக வயது பார்க்கலாம்.

மிளகும், மிளகின் பெயரைக் கடன் வாங்கியவையும்

உப்புக்கு வயது பார்ப்பதில் அர்த்தமில்லை. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி. ஐரோப்பா அதைத் தேடிக் கப்பல் விட்ட கதை நமக்குத் தெரிந்ததுதான். கொலம்பஸும் அந்த ஆசையோடுதான் மேற்கே போனார். கரீபியத் தீவுகளில் அவருக்குக் கிடைத்தது மிளகு இல்லை, மிளகாய்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. மிளகுக்கு ஸ்பானிய மொழியில் பிமியெந்தா. புதிதாக வந்த காய்க்கு அவர்கள் வைத்த பெயர் பிமியெந்தோ. ஆங்கிலத்தில் இரண்டுமே பெப்பர்தான். தமிழில் மிளகு, மிளகாய். காரத்துக்கு மிளகை மட்டுமே அறிந்திருந்த மொழிகள் தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. பாப்ரிகா என்ற சொல்லும் இந்த வரிசைதான். அது ஹங்கேரி வழியாக உலகத்துக்குப் போன சொல். அதற்கு முன்னால் ஸ்லாவிய மொழிகளில் மிளகைக் குறித்த சொல்லில் இருந்து பிறந்தது. அந்தச் சொல் லத்தீன் 'பிப்பர்', கிரேக்க 'பெபெரி' வழியாகப் பின்னோக்கிப் போய் 'பிப்பலி'யில் நிற்கும். நம்முடைய திப்பிலியேதான். அமெரிக்காவில் பிறந்த காய், இந்தியப் பெயரின் பேரப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, ஹங்கேரியைச் சுற்றி, மறுபடி அமெரிக்க அடுக்களைக்குத் திரும்பியிருக்கிறது.

சில்லி பவுடர் வேறு, மிளகாய்த்தூள் வேறு

அமெரிக்க சமையல் குறிப்பில் 'சில்லி பவுடர்' என்று பார்த்ததும் நாம் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. அங்கே அது ஒரு கலவை. மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் சேர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் உணவகம் நடத்திய ஜெர்மானியக் குடியேறி வில்லியம் கெப்ஹார்ட், 1890களில் இதை புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தார். மெக்சிகோவிலிருந்து வரவழைத்த மிளகாயைப் பொடித்து வைத்தால் வருஷம் முழுக்க 'சில்லி' என்கிற கறிக் குழம்பு செய்யலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. ஆக, சில்லி பவுடர் சேர்ந்த எந்த ரப்பும் கெப்ஹார்ட் காலத்துக்கு முன்னால் போக வாய்ப்பு குறைவு.

பூண்டுத் தூளும் வெங்காயத் தூளும் இன்னும் இளையவை. பூண்டை வெயிலில் காயவைத்துப் பொடிப்பது யாருக்கும் முடியும். ஆனால் எந்த மளிகைக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிற அளவுக்கு அது பெருக, காய்கறிகளை ஆலையில் உலர்த்தும் தொழில் வளர வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் இந்தத் தொழில் இரண்டாம் உலகப் போரில் வேகம் எடுத்தது. கடல் கடந்து நிற்கும் படைகளுக்குத் தண்ணீர் எடுத்த காய்கறி அனுப்பினால் கப்பலில் எடையும் இடமும் மிச்சம். போர் முடிந்த பிறகு அதே சரக்கு வீட்டு அலமாரிக்கு வந்தது. லாரீஸ் உணவகத்தின் மசாலா உப்பு 1938-லேயே கடைக்கு வந்துவிட்டது. 1952-ல் ஜார்ஜ் ஸ்டீபன் மூடி போட்ட வெபர் கெட்டில் அடுப்பை உருவாக்கினார். கொல்லைப்புறத்தில் கறி வாட்டுவது நடுத்தரக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை வேலை ஆயிற்று.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால், இன்று நாம் டிரை ரப் என்று அறிகிற முழுக் கலவை பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் பண்டம். அதிலும் பிற்பாதியில்தான் அது பரவியிருக்க முடியும்.

அப்படியானால் பழைய குழியில் என்ன நடந்தது?

பார்பிக்யூ என்ற சொல் 'பார்பகோவா' என்ற கரீபியப் பூர்வகுடிச் சொல்லில் இருந்து வந்தது. நெருப்புக்கு மேலே கட்டிய குச்சிப் பரண் என்று பொருள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது தரையில் வெட்டிய நீளக் குழியாக மாறியது. முழுப் பன்றிகளும் ஆடுகளும் இரவு முழுக்கத் தணலில் வேகும். தோட்ட முதலாளியின் விருந்து, ஜூலை 4 கொண்டாட்டம், தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழி வெட்டியவர்கள், விறகு பிளந்தவர்கள், விடிய விடிய விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள்.

அவர்கள் என்ன மசாலா போட்டார்கள் என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமை வாழ்விலிருந்து விடுதலையான முதியவர்கள் 2,300க்கும் மேற்பட்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தது. அவர்களில் தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ் என்பவர் 90 வயது தாண்டியவர். பார்பிக்யூவுக்கு முதல் நாள் இரவு முழுக்கத் தான் கண்விழித்ததைச் சொல்கிறார். வினிகர், மிளகு, சிவப்பு மிளகாய், உப்பு, வெண்ணெய், கொஞ்சம் சேஜ் இலை, கொத்தமல்லி, பேசில், வெங்காயம், பூண்டு. சிலர் சர்க்கரையும் சேர்ப்பார்களாம். நீளக் குச்சி நுனியில் துணியோ பஞ்சோ சுற்றி, அந்தக் கரைசலில் தோய்த்து, இரவெல்லாம் கறி மேல் ஒத்தி எடுத்துக்கொண்டே இருப்பார். சொட்டுகிற கரைசல் நெருப்பில் விழுந்து, மசாலா மணக்கும் புகையாகித் திரும்பக் கறியில் ஏறும் என்கிறார்.

இதை நான் பலமுறை படித்தேன். இன்றைய ரப்பில் இருக்கிற காரம், புதர்ச்செடி மணம், பூண்டு, வெங்காயம், இனிப்பு எல்லாம் இதில் இருக்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம்தான், இது ஈரம். அந்த ஈரத்துக்குக் காரணமும் அவர் வேலையிலேயே தெரிகிறது. திறந்த குழியில் 10, 12 மணி நேரம் கறி கிடந்தால் மேல்பரப்பு காய்ந்து கருகும். ஒத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். டிரை ரப்பைத் தடவி, மூடி போட்ட அடுப்பில் வைத்துவிட்டு நாம் தூங்கப் போகலாம். பொடியும் மூடியும் சேர்ந்து அந்த ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

உலர்ந்த பொருளைக் கறியில் தேய்ப்பது புதிது என்று சொல்லவில்லை. வர்ஜீனியாவில் பன்றித் தொடையில் உப்பும் வெடியுப்பும், சில வீடுகளில் சர்க்கரையும் தேய்த்து மாதக்கணக்கில் பதப்படுத்தினார்கள். நம்முடைய உப்புக்கண்டமும் அதே தர்க்கம்தான். ஆனால் அது கறி கெடாமல் இருக்கச் செய்த வேலை. தேய்த்தல் சேமிப்பு அறையில் இருந்தது, ஒத்துதல் குழியில் இருந்தது. இரண்டும் ஒன்று சேர்ந்தது பிற்பாடு.

மெம்ஃபிஸும் லாக்ஹார்ட்டும்

டிரை ரப்பின் தலைநகரம் என்று மெம்ஃபிஸைச் சொல்வார்கள். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததில் பெரிய பங்கு ரான்டெவூ உணவகத்துக்கு. 1948-ல் கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த சார்லி வெர்கோஸ் ஒரு கட்டடத்தின் நிலவறையில் தொடங்கியது. பழைய நிலக்கரிச் சரிவு ஒன்று அங்கே இருந்தது, அது புகைபோக்கிக்கு வசதியாயிற்று. கிரேக்கச் சமையலின் ஓரிகானோவும் பூண்டும், தென்மாநிலத்தின் சிவப்பு மிளகாயும் அவருடைய பொடியில் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், அங்கே விலா எலும்புக் கறியைக் கரி நெருப்பில் வாட்டி, வினிகர் கரைசலை ஒத்தி, அதற்குப் பிறகுதான் பொடியைத் தூவுகிறார்கள். தேய்ப்பதே இல்லை! பழைய ஈரத் துணி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு பக்கம் டெக்சாஸின் லாக்ஹார்ட். ஜெர்மானியர் கறிக்கடையாக 1900-ல் தொடங்கிய கிரூஸ் மார்க்கெட் போன்ற இடங்களில் மாட்டுக்கறிக்கு உப்பும் மிளகும் கொஞ்சம் கயென் மிளகாயும் போதும். பட்டியல் நீளவே இல்லை. பழைய ரப் ஒன்றைக் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வீட்டில் செய்பவர்களுக்கு

வரலாறு ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் சமையலுக்குப் பயன்படுகிற விஷயம் ஒன்று உண்டு. கலவையில் உப்பு மட்டும்தான் கறிக்குள்ளே இறங்கும். மிளகாய், சீரகம், பூண்டின் மணமெல்லாம் மேல்பரப்போடு நின்றுவிடும். அதனால் உப்பையும் மசாலாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கிலோவுக்கு 10 கிராம் உப்பை முதல் நாள் இரவே தேய்த்து, மூடாமல் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். உப்பில்லாத மசாலாவை நெருப்பில் ஏற்றும் முன் தடவினால் போதும்.

சர்க்கரை போடுவதா வேண்டாமா என்பதை அடுப்புதான் முடிவு செய்யும். 110 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் வேகிற கறியில் சர்க்கரை கருகாது, நல்ல நிறம் கொடுக்கும். நேரடித் தணலில் வாட்டினால் சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டி, கசந்துவிடும். நம்மூர்க் கரி அடுப்பில் வாட்டுபவர்கள் சர்க்கரையைத் தவிர்ப்பது நல்லது. பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய் போடலாம், காரம் கூடும் என்பதால் அளவைக் குறைக்க வேண்டும். சீரகத்தை லேசாக வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். மாட்டுக்கறிக்கு மிளகு தூக்கலாக இருக்கட்டும், மற்றவை எல்லாம் விருப்பம்.

யாருடைய ரகசியம்?

ரப்புக்கு வயது குறைவு என்பதால் அது மட்டமாகிவிடாது. சாம்பாரில் மிளகாய் போடுவதும் சில நூற்றாண்டுப் பழக்கம்தான். என் வருத்தம் வேறு. 'பழங்கால ரகசியம் இந்தப் பொடியில் இருக்கிறது' என்று சொல்லும்போது, திறமை மனிதனிடமிருந்து புட்டிக்கு மாறிவிடுகிறது. புட்டிக்கு முத்திரை உண்டு, உரிமையாளர் உண்டு. குழியருகே துணி சுற்றிய குச்சியோடு விழித்திருந்தவருக்கு அது எதுவும் இல்லை. பார்பிக்யூ வரலாற்றில் கறுப்பினச் சமையல்காரர்களின் பங்கு எப்படி ஓரங்கட்டப்பட்டது என்பதை ஏட்ரியன் மில்லர் 2021-ல் 'பிளாக் ஸ்மோக்' என்று தனிப் புத்தகமாகவே எழுத வேண்டியிருந்தது.

வெஸ்லி ஜோன்ஸ் தன் சேர்மானத்தைக் கேட்டவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ரகசியம் எதுவும் இல்லை. 90 வயதுக்கு மேலும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது அந்தப் பட்டியலும், இரவு முழுக்கச் செய்த வேலையும், கறியில் ஏறிய அந்தப் புகையும்தான்.