தச்சன் தேனீ: வீட்டு மரமும் கருவண்டும்

தச்சன் தேனீ, காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் கூடு கட்டும் பெரிய தேனீ. சைலோகோபா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. மரம் வெட்டுபவர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். உலகில் ஏறத்தாழ 500 இனங்கள் உண்டு. நம் பேச்சில் இது கருவண்டு. ஆனால் வண்டினத்துக்கும் இதற்கும் உறவில்லை. தேனடை கட்டும் தேனீக்குத்தான் இது உறவு. தென்னிந்தியாவில் காணும் பெரிய இனமான சைலோகோபா லாட்டிபெஸ் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளரும். கரிய உடலும், வெயில் பட்டால் நீலமும் பச்சையுமாக மினுங்கும் இறக்கைகளும் அதன் அடையாளம்.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு அருகே, லட்சுமி வராகர் கோயிலையும் அதன் அகன்ற குளத்தையும் சுற்றி அமைந்த ஸ்ரீவராகம் போன்ற பகுதிகள் இந்தத் தேனீக்கு வாய்ப்பான இடங்கள். ஓட்டுக்கூரையும் மர உத்தரமும் கைமரங்களும் கொண்ட பழைய கட்டு வீடுகள் கோட்டைப் பக்கத்தில் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் வந்து போகும் ஊரில், மரத்தில் பூசிய வர்ணம் நெடுநாள் நிற்பதில்லை. வர்ணம் உரிந்து, ஆனால் மழை நேரே படாமல் காய்ந்து கிடக்கும் இறவாணத்து மரம்தான் தேனீ தேடுவது. தென்னை, மூங்கில் போன்றவற்றில் எளிதில் துளையிடும்; நன்கு முற்றிய தேக்கின் வைரத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை.

துளையிடுவது பெண் தேனீ. தாடைகளால் மரத்தைச் சுரண்டித் துப்புமே தவிர, தின்னாது. விரல் நுழையும் அளவில், வட்டமாக, துரப்பணம் போட்டதுபோல வாயில் அமையும். உள்ளே கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு மரத்தின் நார் ஓடும் திசையில் திரும்பும். சுரங்கத்தின் கோடியில் மகரந்தத்தையும் மதுவையும் பிசைந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு முட்டை இட்டு, மரத்தூளால் தடுப்புச் சுவர் எழுப்பும். அடுத்து இன்னொரு அறை. பூச்சிகளின் முட்டைகளில் மிகப் பெரியவற்றுள் சேர்பவை தச்சன் தேனீக்களுடையவை. பெரிதாக இருப்பதால் எண்ணிக்கை குறைவு: ஒரு கூட்டில் சில அறைகளே இருக்கும். தேனடையின் ராணி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடுவதோடு இதை ஒப்பிட்டால், ஒரு தாயைக் கொல்வது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

மரத்தில் துளை கண்டதும் உளுத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஊசிமுனைத் துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அது உளுவண்டின் வேலை. மண் பூசிய தடம் கறையானுடையது. தரையில் கரடுமுரடான மரத்தூள், துளைக்குக் கீழே சுவரில் மஞ்சள் எச்சக் கோடு, வாயிலைச் சுற்றி ரீங்காரம் ஆகியவையே தச்சன் தேனீயைக் காட்டும். ஒரு துளையால் உத்தரம் விழாது. ஆனால் அதே கூட்டைத் தலைமுறை தலைமுறையாக நீட்டிக்கொண்டே போவது இதன் வழக்கம். மெல்லிய மரச்சட்டங்களில் இதைப் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் வலு குறையும்.

கர்ணனின் தொடையை வண்டு துளைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைக் கண்டால் அச்சம் வருவது இயல்பு. உண்மையில் இது சதையைத் துளைக்காது. முகத்துக்கு நேரே வந்து மிரட்டிப் பறப்பது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு என்றாலும் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அரிது.

இதனால் வரும் நன்மை கொல்லைப்புறத்திலேயே தெரியும். கத்தரிப்பூவின் மகரந்தப்பை உப்புக் குடுவைபோல நுனியில் மட்டும் திறப்பது. தச்சன் தேனீ அதைப் பற்றிக்கொண்டு, உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். தேனடைத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. முருங்கை, எருக்கு, விஷுவுக்குப் பூக்கும் சரக்கொன்றை எல்லாம் இதன் வருகையால் பயன் பெறுபவை.

ஆகவே துளைக்குள் பூச்சிமருந்து அடிப்பது தவறான தொடக்கம். குடியிருக்கும் கூட்டைச் சிமெண்டால் அடைப்பதும் அப்படியே. உள்ளே சிக்கிய தேனீ வேறு பக்கமாகத் துளைத்து வெளியேற முயலும். முட்டை தேனீயாக ஒன்றரை முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். வெளிவந்த இளசுகளும் சில காலம் தாயோடு கூட்டிலேயே தங்கும். அதுவரை பொறுத்து, காலியான பிறகு துளையில் மரக்கட்டை அடித்து, பட்டி வைத்துத் தேய்த்து, எண்ணெய் வர்ணம் பூசினால் போதும். கேரளத்தில் மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவும் பழைய வழக்கமும் உண்டு. தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் என்பதால் கையுறை அவசியம். கூடவே, ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் துண்டுகளை மழை படாத, வாசலிலிருந்து தள்ளிய இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் தேனீக்கு மாற்று வீடு கிடைக்கும்.

இருட்டிய பின் எல்லாம் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் என்று நம்பி வேலை செய்பவர்கள் ஒரு விதிவிலக்கை அறிய வேண்டும். சைலோகோபா டிராங்குபாரிகா என்ற இனத்துக்கு 1804-இல் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் பெயரிட்டார். பெயர் தரங்கம்பாடியிலிருந்து வந்தது. இது இரவில் பறக்கும் தேனீ. பின்னாளில் திருவனந்தபுரம் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்தில் பேராசிரியரான ஹேமா சோமநாதனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, நமக்கு நிறமே தெரியாத நட்சத்திர வெளிச்சத்திலும் இது நிறங்களைப் பிரித்தறிகிறது என்று காட்டியது. அதனால் கூடு காலிதானா என்று அறிய நேரத்தை நம்புவதைவிட, துளை வாயில் மெல்லிய காகிதத்தைத் தளர்வாகச் செருகிவைப்பது மேல். இரண்டு மூன்று நாள் பகலும் இரவும் கழிந்தும் காகிதம் செருகியபடியே இருந்தால் அடைக்கலாம். தள்ளப்பட்டுக் கீழே கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.