இந்துமதி கதிரேசன்
இந்திய மகளிர் கால்பந்து அணியின் நடுக்கள வீராங்கனை, பிறப்பு 1994. கடலூர்தான் இவரது ஊர். பள்ளி நாட்களில் பிடித்த பந்தை பிறகு விடவே இல்லை. 2019-இல் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியப் பட்டம் வென்ற இந்திய அணியிலும், அதே ஆண்டு மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என வீழ்த்தி இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரை சேது எஃப்சியிலும் ஆடினார்.

தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் பயிற்சி மைதானங்கள் பூட்டிக் கிடக்க, இவர் முகக்கவசத்தோடு சென்னை அண்ணாநகர்ச் சாலைகளில் பணியில் நின்றார். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்றால் பெயருக்குத்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியிலும் இடம்பெற்றார். அணிக்குள் கொரோனா பரவியதால் இந்தியா பாதியிலேயே விலக நேர்ந்தது.