எண்ணெய்த் தொட்டியும் சேதப்படாத நகரமும்

1914 செப்டம்பர் 22 இரவு. சென்னைக்கு எதிரே கடலில் வந்து நின்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், தேடுவிளக்கைப் போட்டுப் பார்த்து, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் அடுத்த சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் எதிர்பார்த்ததும் அதுவே. எண்ணெய் எரிய வேண்டும், அந்த வெளிச்சத்தில் ஆங்கிலேயரின் மதிப்பு சரிய வேண்டும்.

அணுகுண்டு போட ஹிரோஷிமாவைத் தேர்ந்தவர்களுக்கும் ஒரு காட்சி தேவைப்பட்டது. 1945 மே மாதம் லாஸ் அலமோஸில் கூடிய அமெரிக்க இலக்குக் குழு மூன்று தகுதிகளைப் பார்த்தது: மூன்று மைலுக்கு மேல் குறுக்களவுள்ள நகர்ப்பகுதி, வெடியின் அதிர்வலைக்கு நன்றாக இடியக்கூடியது, ஆகஸ்ட் வரை வேறு தாக்குதலில் சிக்காதது. இந்த மூன்றாவதுதான் உறுத்துகிறது. டோக்கியோ மார்ச்சிலேயே தீக்குண்டுகளில் கருகிவிட்டது. புதிய குண்டு என்ன செய்தது என்று அங்கே பிரித்துக் காட்ட முடியாது. ஹிரோஷிமாவில் ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை. ஆனாலும் குறி வைத்தது ஊர் நடுவே இருந்த அயோயி பாலத்துக்கு. சென்னையிடம் எதிரிக்கு வேண்டிய பொருள் ஒன்று இருந்தது. ஹிரோஷிமாவோ அதுவரை தப்பியிருந்ததாலேயே மாட்டிக்கொண்டது.

பட்டியலில் இருந்த கியோட்டோவை, அதன் பண்பாட்டுப் பெருமையைச் சொல்லி, போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் நீக்கினார். ஜூலைக் கடைசியில் நாகசாகி உள்ளே வந்தது. அந்த ஊர்க்காரர் யாருக்கும் இது தெரியாது.

இலக்குக் குழுவின் கணக்கில் மலையும் வந்தது. ஹிரோஷிமாவை ஒட்டிய குன்றுகள் அதிர்வலையைக் குவித்துச் சேதத்தைக் கூட்டும் என்று குழு எழுதி வைத்திருந்தது. நாகசாகியில் குன்றுகள் வேறு வேலை செய்தன. ஆகஸ்ட் 9 அன்று முதல் இலக்கு கோக்குரா. கீழே எதுவும் தெளிவாகத் தெரியாததால் விமானம் மூன்று முறை முயன்றுவிட்டு நாகசாகிக்குத் திரும்பியது. ஹிரோஷிமாவில் போட்டதைவிட வலிமையான குண்டு, குறி விலகி, உரகாமிப் பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. பள்ளத்தாக்கு அழிந்தது; குன்றுகளின் மறைவில் இருந்த நகரப் பகுதிகள் பெரும்பாலும் தப்பின. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000. நாகசாகியில் சுமார் 74,000.