கொடுமுடி: ஊர்ப்பெயரும் தலபுராணமும்

பவானியில் பெருகித் தெற்கு நோக்கி வரும் காவிரி, கிழக்கே திரும்பும் இடத்தில் மேல்கரையில் அமைந்தது கொடுமுடி. கொடுமுடி என்றால் மலையின் உச்சி. ஆனால் ஊரில் மலை இல்லை. ஆறும் படித்துறையும் வயலும் தென்னையும் சூழ்ந்த சமவெளி அது. மலையற்ற ஊருக்கு மலையுச்சியின் பெயர் எப்படி வந்தது? இக்கேள்விக்கு ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விடையே தலபுராணம்.

ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் வலிமைப் போட்டி வந்ததாம். மேரு மலையை ஆதிசேடன் இறுகச் சுற்றிக்கொள்ள, வாயு பெருங்காற்றாய் மோதினான். சிகரம் சிதறி ஐந்து மணிகளாகத் தெற்கே விழுந்தது. செம்மணி திருவண்ணாமலையாயிற்று, மாணிக்கம் வாட்போக்கி எனும் இரத்தினகிரியாயிற்று, மரகதம் ஈங்கோய்மலையாயிற்று, நீலம் பொதிகையாயிற்று. வைரம் விழுந்த இடம் கொடுமுடி. மண்ணுக்குள் புதைந்த அச்சிகரத்தின் முனையே மகுடேசுவரர் என்னும் இலிங்கம் என்பது நம்பிக்கை.

இப்பட்டியலில் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐந்தில் நான்கு கண்ணால் காணும் மலைகள். கொடுமுடி மட்டும் தரையோடு தரை. ஆகவே மலையைக் கண்டு பெயர் எழவில்லை. பெயருக்கு ஏற்ற மலையைக் கதை மண்ணுக்கடியில் வைத்துக் காட்டுகிறது. ஆதிசேடன், வாயு போட்டியோ இந்த ஊருக்கு மட்டும் உரியதன்று. காளத்தி, சிராப்பள்ளி, ஈழத்துத் திருகோணமலை ஆகியவற்றுக்கும் இதே கதை வழங்குகிறது. பல ஊர்களுக்குப் பொதுவான கதையைத் தம் ஊர்ப்பெயருக்கு விளக்கமாக்கிக்கொண்டது கொடுமுடியாரின் கைவண்ணம்.

பாண்டிக்கொடுமுடி என்னும் பழம்பெயரின் முன்னொட்டான 'பாண்டி'க்கும் கதை உண்டு. மலையத்துவச பாண்டியன் மகனுக்குக் கைவிரல்கள் சரிவர வளரவில்லை; இங்கு வழிபட்டபின் வளர்ந்தன; மகிழ்ந்த அரசன் கோயிலுக்குத் திருப்பணி செய்தான் என்பர். அங்கவர்த்தனபுரம் என்ற பெயரும் அதனால் வந்ததாம். இதை வரலாற்றோடு வைத்துப் பார்க்கலாம். 8ஆம் நூற்றாண்டின் இராசசிம்ம பாண்டியன் மழகொங்கை வென்று, பாண்டிக்கொடுமுடியில் பசுபதியை வணங்கிப் பொன்னும் மணியும் வழங்கினான் என்கிறது வேள்விக்குடிச் செப்பேடு. ஆயினும் அவன் வருகையால் பெயர் பிறக்கவில்லை. 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பதிகம் இத்தலத்தைப் பாண்டிக்கொடுமுடி என்றே பாடுகிறது. தன் குலப்பெயரை முன்பே தாங்கிநின்ற கோயிலை அரசன் நாடி வந்தான் என்பதே காலக்கணக்குக்குப் பொருந்தும்.

சுந்தரர் தரும் சான்று இன்னும் நுட்பமானது. நமச்சிவாயப் பதிகத்தில் அவர் ஊரைக் கறையூர் என்றும், அங்குள்ள கோயிலைப் பாண்டிக்கொடுமுடி என்றும் பிரித்துப் பாடுகிறார். அதாவது கொடுமுடி முதலில் கோயிலின் பெயர். நாளடைவில் அதுவே ஊரையும் குறிக்க, கறையூர் என்ற பெயர் வழக்கிழந்தது. பாண்டி என்ற முன்னொட்டும் உதிர்ந்தது. பாடகி கே. பி. சுந்தராம்பாளைத் தமிழுலகம் 'கொடுமுடி கோகிலம்' என்று போற்றியபோது சுருங்கிய பெயரே நிலைத்திருந்தது.

புராணம் வரலாறாகாது என்று ஒதுக்குவதும், புராணமே வரலாறு என்று சாதிப்பதும் ஒருசேரத் தவறு. பெயர் எவ்வளவு பழையது என்பதைப் பதிகமும் செப்பேடும் சொல்லும். அப்பெயரை மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைக் கதைதான் சொல்லும். பங்குனி உத்திரத்துக்கு இங்கிருந்து தீர்த்தக் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கும் கொங்கு மக்களின் நாவில் இக்கதைகள் இன்னும் உலவுகின்றன. படித்துறைக்கும் தெருவுக்கும் வயலுக்கும் பெரியவர்கள் சொல்லும் பெயர்க்காரணங்களையும் இளைஞர்கள் கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஊர்ப்பெயர்களை ஆராய்வதற்கு அதைவிடச் சிறந்த மூலப்பொருள் வேறில்லை.