பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்: மரபுச் சாய்வும் விலங்கு மாதிரிகளும்

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (பி.டி.எஸ்.டி.) போர், விபத்து, பேரிடர், வன்முறை ஆகியவற்றுக்கு ஆளானோரில் ஒரு பகுதியினருக்கே வருகிறது. இந்த வேறுபாட்டில் மரபுக்கும் பங்குண்டு. வியட்நாம் போர்க்காலத்தில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்களான இரட்டையர்களைப் பற்றி 1993இல் வெளிவந்த ஆய்வு, அறிகுறிகளின் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை மரபுசார்ந்தது எனக் கணித்தது. மனிதர் பட்ட அதிர்ச்சியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் விலங்குகளைக் கொண்டு செய்யும் ஆய்வக ஆய்வில் அதன் அளவு, நேரம், விலங்கின் மரபுவழி மூன்றையும் வரையறுக்கலாம்.

இஸ்ரேலில் ஹகிட் கோகன் குழுவினர், பூனையின் கழிவு படிந்த மணலில் எலிகளைப் பத்து நிமிடம் விட்டு, ஒரு வாரம் கழித்துச் சோதித்தனர். உயரத்தில் அமைந்த கூட்டல்குறி வடிவப் பாதையில், மிரண்ட எலி சுவருள்ள பகுதியைவிட்டு வெளியே வருவதில்லை; திடீர் ஒலிக்கும் அளவுமீறித் துள்ளுகிறது. சுமார் கால் பங்கு எலிகளே இப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோன் குறைவாகச் சுரக்கும் லூயிஸ் வகை எலிகளில் இப்பங்கு கூடியது. அதிர்ச்சிக்கு முன் அந்த ஹார்மோனைக் கொடுத்தபோது குறைந்தது.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினரின் ஆய்வுகளும் இதனுடன் பொருந்துகின்றன. 2005இல் வெளியான ஆய்வில், இரண்டு மணிநேரம் அசையவிடாமல் வைக்கப்பட்ட எலிகளில் மறுநாள் மாற்றமில்லை; பத்தாம் நாளில் அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் நரம்பு முட்கள் (நரம்பணுக் கிளைகளின் நுண்முனைகள்) பெருகி, பதற்றமும் கூடியிருந்தது. முன்கூட்டியே கார்ட்டிகோஸ்டிரோன் பெற்ற எலிகளில் இப்பாதிப்பு தடுக்கப்பட்டதை இதே குழு 2012இல் காட்டியது.

இந்த ஹார்மோனின் ஏற்பியைக் கட்டுப்படுத்தும் எஃப்.கே.பி.பி.5 மரபணு அதிகம் ஆராயப்பட்டுள்ளது. அது நீக்கப்பட்ட சுண்டெலிகளில் அழுத்த ஹார்மோனின் எழுச்சி தணிந்திருக்கிறது. மனிதரில் இம்மரபணுவின் சில வடிவங்கள் தாமாக நோயை உண்டாக்குவதில்லை. சிறுவயதுக் கொடுமைக்கு ஆளானவர்களிடமே அறிகுறிகளைக் கூட்டுகின்றன என்று 2008இல் அறியப்பட்டது.

ஒரு மரபணுவை மட்டும் காரணமாகக் கொள்ள முடியாது. 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை உள்ளடக்கி 2024இல் வெளியான ஆய்வு, தொடர்புடைய 95 மரபணுத்தொகுதி இடங்களைக் கண்டது. பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழ இருமடங்கு வந்தாலும், சோதனைகள் பெரும்பாலும் ஆண் விலங்குகளிலேயே நடந்துள்ளன. கொடுங்கனவையும் குற்றவுணர்வையும் எலியிடம் அளக்க இயலாது. இலங்கையின் வடக்கில் போரும் சுனாமியும் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைத்ததை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பதிவுசெய்துள்ளார். அத்தகைய கூட்டு மனவடு விலங்கு மாதிரிகளின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.