எல்லைப்புறப் பள்ளியும் கணிப்பொறியின் புதுப்பிப்பும்



மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று, மலபாரைச் சேர்ந்த பாலக்காட்டுத் தமிழர் பலர் தம் வீட்டு வாயிலைத் தாண்டாமலே வேறொரு மாநிலத்தின் குடிகளாயினர். கிழக்கு மலைகளிலோ, தேவிகுளமும் பீர்மேடும் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாமல் போயிற்று. அவ்வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதன் பகுதிகளாயின. தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் தமிழ் பேசுகின்றனர். பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்களிலும் தமிழ் ஒலிக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது. தமிழ்வழிப் பள்ளிகளும் தொடர்ந்தன.

அப்பள்ளிகளுக்குக் கணிப்பொறி வந்த வரலாற்றையும், அக்கணிப்பொறியின் புதுப்பிப்பு நிறைவேறாமல் நின்றபோது அதை எவ்வாறு சீர்செய்வது என்பதையும் இன்று காண்போம். பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கு இதனால் ஆவது என்ன என்று சிலர் கேட்கலாம். பிறமொழி மாநிலத்தில் தமிழைக் காத்துக்கொள்ளும் வேலையில் நாமும் அவர்களும் ஒரே நிலையில் இருக்கிறோம். அவர்கள் பட்டறிவு நமக்கும் உதவும்.

கேரளத்தில் விண்வெளி அறிஞர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001-ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலைத் திங்களில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, அவ்வியக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். கட்டற்ற மென்பொருள் என்பது எவரும் பயன்படுத்தவும், பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமை உள்ள மென்பொருள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் தொடங்கிய பள்ளித் திட்டம் படிப்படியாக இவ்வழிக்கு மாறியது. 2008-ஆம் ஆண்டளவில் பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெற்றது. 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று.

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும், நாம் அதில் செய்யும் வேலைக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். கேரளப் பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளமே தொகுக்கப்பட்டது. அது லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. தொடக்கத்தில் டெபியனையும், பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் பதிப்பு எண்ணிலேயே அதன் பிறந்த நாள் அடங்கியிருக்கிறது: 18.04 என்றால் 2018-ஆம் ஆண்டின் நான்காம் திங்கள். நெடுங்கால ஆதரவு பெற்ற பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் வரை திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும்; அதன்பின் புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டும்.

இத்திருத்தங்களே புதுப்பிப்புகள். துளையிட்ட அட்டைகளிலும் காகித நாடாக்களிலும் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதிய காலத்தில், பிழையான துளையின்மேல் காகிதத் துண்டை ஒட்டி மறைத்தனர். துணியில் ஒட்டுப்போடுவதைப் போன்ற அச்செயலால் மென்பொருள் திருத்தத்திற்கு ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ என்ற பெயர் வந்தது. ஒட்டுப்போடாத கிழிசலின் வழியே காற்றும் மழையும் புகுவதுபோல், திருத்தாத பிழையின் வழியே தீங்கு புகும்.

இதற்குப் பாலக்காட்டிலேயே சான்று உண்டு. 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஒரு பெரும் பிழைக்குத் திருத்தம் வெளியிட்டது. ஏறக்குறைய இரண்டு திங்கள் கழித்து, மே 12 அன்று, ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் அப்பிழையின் வழியே புகுந்து ஏறத்தாழ 150 நாடுகளின் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் தடுமாறின. கேரளத்தில் வயநாட்டுத் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. மருந்து வெளிவந்து இரண்டு திங்கள் ஆகியும், உலகெங்கும் பல கணிப்பொறிகளில் அது போய்ச் சேரவில்லை. புதுப்பிப்பு ஏன் நின்றுபோகிறது என்று ஆராய்வது இதனால்தான் இன்றியமையாதது.

மலைச்சரிவில் உள்ள ஒரு பள்ளியை மனக்கண்ணில் காண்போம். தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுகிறது. கணிப்பொறி அறையில் புதுப்பிப்பு பாதி நடந்துகொண்டிருக்கிறது, மின்சாரம் போய்விடுகிறது. யு.பி.எஸ். கருவியின் மின்கலம் பழையது. சில நிமிடங்களில் அதுவும் ஓய்கிறது. மறுநாள் ஆசிரியர் பொறியை இயக்கினால், புதுப்பிப்பு நிறைவேறவில்லை என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நிற்கிறது.

இங்கே என்ன நடந்தது? உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வருகிறது. பொதியை முதலில் பிரித்து வைக்க வேண்டும். பின் அதை அமைத்து முடிக்க வேண்டும். பிரித்தபின், அமைக்குமுன் மின்சாரம் போனால் பொதி நடுவழியில் நிற்கும். ‘டிபிகேஜி’ என்னும் கருவியிடம், பாதியில் நின்ற பொதிகளையெல்லாம் அமைத்து முடிக்குமாறு கட்டளையிட்டால் பெரும்பாலும் வேலை நிறைவேறிவிடும். ஒரு பொதி தனக்குத் துணையான வேறொரு பொதி இல்லாமல் தவித்தால், ‘ஆப்ட்’ என்னும் கருவி அத்துணையைத் தேடி இணைத்துக் கொடுக்கும். இதை அறியாத பலர் இயங்குதளத்தையே அழித்து முதலிலிருந்து நிறுவி, மாணவர்களின் கோப்புகளையும் இழந்துவிடுகின்றனர்.

இரண்டாவது காரணம் இடமின்மை. இயங்குதளத்தின் உட்கருவாகிய கருனி புதுப்பிக்கப்படும்போது பழைய கருனி உடனே நீக்கப்படுவதில்லை. புதியது இயங்காவிட்டால் பழையதைக் கொண்டு பொறியைத் தொடங்கலாம் என்ற முன்னெச்சரிக்கையே அதற்குக் காரணம். தொடக்கக் கோப்புகளுக்கெனச் சிறு பகுதியைத் தனியே ஒதுக்கியிருந்தால், பழைய கருனிகள் சேர்ந்து அப்பகுதி நிரம்பிவிடும். வன்தட்டில் வேறிடம் எவ்வளவு இருந்தும் புதியது உள்ளே வர இயலாது. தேவையற்ற பழையனவற்றை நீக்குமாறு ஆப்ட் கருவிக்குச் சொன்னால் வழி பிறக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் கருனியையும் அதற்கு முந்தைய ஒன்றையும் விட்டுவைப்பது நலம்.

மூன்றாவது காரணம் வியப்பானது. கணிப்பொறியின் உள்ளே நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. பொறி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடச்செய்வது அதுவே. கோடை விடுமுறை முழுவதும் மூடிக்கிடந்த அறையில் அம்மின்கலம் தீர்ந்துபோனால், ஜூன் திங்களில் விழிக்கும் பொறி பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும். புதுப்பிப்புகளை வழங்கும் களஞ்சியத்தின் சான்றிதழ், அப்பொறியின் கணக்குப்படி, இன்னும் செல்லத் தொடங்காத ஒன்று. ஆதலின் அதனை நம்ப மறுக்கும். தேதியைச் சரிசெய்து, சிறு மின்கலத்தை மாற்றினால் போதும். இணைய இணைப்பைக் குறைகூறி நாட்களைக் கழிப்பவர், திரையின் மூலையில் உள்ள தேதியை முதலில் பார்த்தல் வேண்டும்.

இன்னும் சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆதரவுக் காலம் முடிந்த பதிப்பின் பொதிகள் பழைய முகவரியிலிருந்து காப்பகத்திற்கு மாற்றப்படும். அப்போது ‘404’ என்ற எண் தோன்றினால், பதிப்பை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரு நிறுவல்கள் நடைபெறாதவாறு பொறி ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளும். அவசரப்பட்டு அப்பூட்டை உடைக்காமல் முதல் வேலை முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். பொறியே மிகப் பழையதாகவும் இருக்கலாம். 2017 அக்டோபர் பதிப்பு முதல் உபுண்டு, 32 பிட் கணிப்பொறிகளுக்கான மேசைப் பதிப்பு வட்டுகளை வெளியிடுவதை நிறுத்திற்று. அத்தகைய பொறியில் புதிய பதிப்பு ஏறாமைக்கு ஆசிரியரின் பிழை ஏதுமில்லை.

ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே இத்தொல்லைகளோடு மல்லாடினால் தொலைவில் உள்ள மலைப்பள்ளியே முதலில் பின்தங்கும். கேரளம் கண்ட வழி வேறு. பாடத்திட்டத்திற்கு வேண்டிய மென்பொருள்கள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து, சோதித்து, ஒரே தொகுப்பாக எல்லாப் பள்ளிகளுக்கும் அளித்தனர். வட்டிலோ பென் டிரைவிலோ அது கைக்குக் கை சென்றது. மெலிந்த இணைய இணைப்பை நம்பியிருக்க வேண்டியதில்லை. படியெடுக்கும் உரிமை இருந்தமையால் இது இயன்றது. உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். அவருக்குப் பயிற்சியளிக்க மாவட்டந்தோறும் முதன்மைப் பயிற்றுநர்கள் இருந்தனர். 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் தொடங்கப்பட்டு, பிள்ளைகளே பொறிகளைப் பேணக் கற்றனர். பொதுமக்கள் தம் கணிப்பொறிகளைக் கொண்டுவந்து இயங்குதளம் நிறுவிக்கொள்ளும் விழாக்களும் நடத்தப்பட்டன.

இனித் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளத்தில் கணிப்பொறிப் பாடநூல் தமிழிலும் அச்சாகிறது. ஆயினும் நூலில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. திரையிலும் தமிழ் பிழையின்றித் தோன்ற வேண்டும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் அதன்பின்னும் பல்லாண்டுகள் தமிழர் வெவ்வேறு எழுத்துருக்களில், வெவ்வேறு குறியீடுகளில் தட்டச்சிட்டு வந்தனர். அவ்வாறு தட்டச்சிட்ட வினாத்தாள், புதிய இயங்குதளம் நிறுவியபின், அப்பழைய எழுத்துரு இல்லாமையால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகக் காட்சியளிக்கும். புதுப்பிப்பு தமிழை அழித்துவிட்டது என்று பலர் வருந்துவர். கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் திறவுகோல்தான் இல்லை. பதிப்பு மாற்றுமுன் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே இதற்கு வழி.

அண்டை மொழியாகிய மலையாளமும் இத்தகைய இடரைக் கண்டது. 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பில், ‘சில்லு’ எனப்படும் மலையாள மெய்யெழுத்துக்களுக்குத் தனி இடம் தரப்பட்டது. புதுப்பிக்கப்படாத பொறிகளில் அவ்வெழுத்துக்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் தன்னார்வக் குழுவினர் மலையாள எழுத்துருக்களை உருவாக்கியும் பராமரித்தும் பெரும்பணி செய்தனர். தமிழுக்கும் ரெட் ஹாட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ‘லோகித்’ எழுத்துரு போன்றவை கட்டற்ற உரிமத்தில் கிடைத்தன. தமிழ் ஆர்வலர்கள் லினக்ஸின் பட்டிகளையும் அறிவிப்புகளையும் மொழிபெயர்த்தனர்.

ஆனால் ஒரு முறை மொழிபெயர்த்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் புதிய சொற்கள் வருகின்றன. அவற்றைத் தமிழில் எழுத ஆளில்லையெனில், அவ்விடத்தில் ஆங்கிலமே நிற்கும். பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தால், தமிழ்த் திரை பாதி ஆங்கிலத் திரையாகிவிடும். யாரும் தமிழை விலக்கும்படி ஆணையிட்டிருக்க மாட்டார்கள்; புதுப்பிப்பார் இல்லாமையால் அது தானே தேய்ந்திருக்கும். எல்லைப்புறப் பள்ளியில் பயிலும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு, வீட்டிலும் பாடநூலிலும் உள்ள தமிழ் திரையில் இல்லாவிட்டால், தன் மொழி இவ்வேலைக்கு ஆகாது என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிவிடும்.

புதுப்பிப்பைக் கண்மூடி ஏற்பதும் தகாது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின; நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்கு நுழைவுச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். எனவே கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படி எடுத்து வைத்து, ஒரு பொறியில் சோதித்து, அதன்பின் எல்லாவற்றிலும் நிறுவுவதே முறை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தமையால், வீட்டில் அப்பதிப்பை வைத்திருக்கும் நேயர்களும் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிழை அறிவிப்பு தோன்றியவுடன் சன்னலை மூடிவிடுவது நம் வழக்கம். அதை முழுவதும் படித்து, இடமா, மின்சாரமா, கடிகாரமா, முகவரியா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் காரணம் அகப்படும். தமிழ் திரையில் உடைந்து தோன்றினாலும் அவ்வாறே செய்க: எந்தப் பதிப்பில், எந்த மென்பொருளில், எந்தச் சொல் என்று குறித்து, அதை உருவாக்குவோருக்கு எழுதுக. உபுண்டுவின் மொழிபெயர்ப்புப் பணி ‘லாஞ்ச்பேட்’ தளத்தின் வழியே ஆர்வலர் எவரும் பங்கேற்கத்தக்கது. பம்பாயில் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நீங்கள் திருத்தும் பத்துச் சொற்கள், அடுத்த பதிப்பில் மறையூர்ப் பள்ளியின் திரைக்கும் சென்று சேரக்கூடும்.