மாநாடும் கால்வாயும்

கூடி ஆராய்தல் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது, கடல் கடந்த மண்ணிலும் தமிழாராய்ச்சிக்கு ஓர் அரங்கு அமைக்க இயலும் என்பதை உலகம் கண்டது. எனினும், ஒரு மாநாட்டின் பெருமை அதன் பந்தலின் அளவில் இல்லை. பந்தல் பிரித்த பிறகு எஞ்சி நிற்பது யாது என்பதிலேயே இருக்கிறது. மாணவரையும் ஆசிரியரையும் ஒருங்கே அழைத்துச் சுற்றுப்புறத்தைப் பற்றி நடத்தப்படும் அனைத்துலக மாநாடுகளுக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். இத்தகைய மாநாடுகள் உருவான வரலாற்றையும், அதே காலத்தில் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், திட்டமிடுவோர் கற்க வேண்டிய பாடம் தெளிவாகும்.

ஸ்டாக்ஹோம் முதல் திபிலிசி வரை

1972ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில், மனிதச் சுற்றுப்புறம் பற்றிய ஐக்கிய நாடுகளின் மாநாடு கூடியது. 113 நாடுகள் அதில் பங்கு கொண்டன. அம்மாநாட்டின் பரிந்துரைகளுள் 96ஆவது பரிந்துரை, சுற்றுப்புறக் கல்விக்கென அனைத்துலகத் திட்டம் ஒன்று வேண்டும் என்றது. அவ்வொரு பரிந்துரையே பின்வந்த கல்வி மாநாடுகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

வித்து முளைவிட ஐந்தாண்டுகள் ஆயின. 1975 அக்டோபரில் பெல்கிரேடு நகரில் வல்லுநர் சிலர் கூடி, சுற்றுப்புறக் கல்வியின் நோக்கங்களை வரைந்தனர். அவ்வரைவு, 1976ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலும் 1977ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்த வட்டாரக் கூட்டங்களில் ஆராயப்பட்டது. ஆசியாவுக்குரிய கூட்டம் பாங்காக்கில் நடந்தது. அதன் பின்னரே, 1977 அக்டோபர் 14 முதல் 26 வரை, அந்நாளில் சோவியத் நாட்டைச் சேர்ந்திருந்த ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் பெரிய மாநாடு கூடியது. யுனெஸ்கோ, ஐக்கிய நாடுகளின் சுற்றுப்புறத் திட்டத்துடன் சேர்ந்து நடத்திய அம்மாநாட்டிற்கு 66 உறுப்பு நாடுகள் பேராளர்களை அனுப்பின. 41 பரிந்துரைகள் நிறைவேறின.

விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு என ஐந்து படிகளைத் திபிலிசி வகுத்தது. முதலிரண்டு படிகளைப் பாடநூல் தரும். இறுதிப் படியான பங்கேற்பைத் தருவது வகுப்பறைக்கு வெளியேயுள்ள உலகமே. ஆனால் திபிலிசியில் கூடியோர் அரசுகளின் பேராளர்கள். பங்கேற்க வேண்டிய மாணவருக்கென அமைந்த அரங்கன்று அது. அக்குறையை நிரப்பும் முயற்சியாகவே, 1986இல் நெதர்லாந்தில் ‘கேர்டேக்கர்ஸ் ஆஃப் தி என்விரான்மென்ட்’ என்னும் அமைப்பு தோன்றியது. உயர்நிலைப் பள்ளி மாணவரும் அவர்தம் ஆசிரியரும் வெவ்வேறு நாடுகளில் கூடி, தத்தம் ஊரில் தாம் செய்த பணியை எடுத்துரைப்பது அதன் வழக்கம்.

சுண்ணாம்புக் கம்பத்தின் நீர்

உலக அரங்குகளில் தீர்மானங்கள் எழுதப்பட்ட அக்காலத்திலேயே, சிங்கப்பூரில் வேறோர் ஏடு நீரில் எழுதப்பட்டுவந்தது. சிராங்கூன் சாலையின் தென்முனையில், தேக்கா சந்தைக்கு அருகே ஓடும் ரோச்சோர் கால்வாயே அந்த ஏடு.

இவ்வட்டாரத்தைத் தமிழர் ஒரு காலத்தில் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றழைத்தனர். சுண்ணாம்புக் காளவாய்களில் உழைத்தோர் வழங்கிய பெயர் அது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் ‘சுண்ணாம்புக் கம்பக் கோயில்’ என்னும் பெயர் உண்டு. தாழ்வான ஈர நிலமும் புல்லும் நீரும் இருந்தமையால் மாட்டு வணிகம் இங்கே செழித்தது. எருமைப் பட்டியைக் குறிக்கும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரும், பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்களும், கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர் பெலிலியோசின் பெயர் தாங்கிய சாலையும் அவ்வரலாற்றுக்குச் சான்றுகள். சற்றுத் தொலைவில் உள்ள ‘டோபி காட்’, ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளரை நினைவூட்டுகிறது.

தொழில் வளர்ந்த இடத்தில் கழிவும் வளர்ந்தது. பட்டியின் கழிவும் சந்தையின் கழிவும் வீட்டின் கழிவும் நீரையே நாடின. நகரத்தின் மற்ற நீர்வழிகளின் நிலையும் இதுவே. 1972 செப்டம்பரில் சிங்கப்பூர் சுற்றுப்புற அமைச்சை நிறுவியது. 1977 பிப்ரவரி 27ஆம் நாள், அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மையாக்க வேண்டும் என்னும் இலக்கை முன்வைத்தார். ரோச்சோர் கால்வாய் காலாங் படுகையைச் சேர்ந்தது.

அப்பணி எளிதன்று. சுமார் 600 பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டன. தெருவோரம் கடை வைத்திருந்தோர் ஏறத்தாழ 5,000 பேர் கழிவுநீர் வசதியுடைய கட்டடங்களுக்குள் சென்றனர். 1983இல் தொங்காங் படகுகள் சிங்கப்பூர் ஆற்றை விட்டுப் பாசிர் பாஞ்சாங்கிற்கு இடம்பெயர்ந்தன. குறித்தவாறே 1987 செப்டம்பரில் பணி நிறைவெய்தியது.

சந்திக்காத இரு பாதைகள்

இங்கே ஓர் ஒற்றுமை சிந்தனைக்குரியது. திபிலிசி மாநாடு கூடியது 1977இல். ஆற்றைத் தூய்மையாக்கும் இலக்கு பிறந்ததும் அவ்வாண்டிலேயே. திபிலிசியின் பத்தாண்டுப் பயனை மதிப்பிட மாஸ்கோவில் மாநாடு கூடியது 1987 ஆகஸ்டில். அடுத்த திங்களில் சிங்கப்பூர் தன் நீர்வழிகளின் தூய்மையைக் கொண்டாடியது. ஒரு பாதை தாளின்மீது சென்றது. மற்றொன்று சேற்றின்மீது சென்றது. முன்னதில் மக்களின் பங்கேற்பு வலியுறுத்தப்பட்டது. பின்னதில் செயல் நிகழ்ந்தது. ஆனால் செயலை வகுத்தவர் அதிகாரிகள்; இடம் பெயர்ந்தவர் மக்கள்.

1992இல் ரியோ நகரில் நடந்த உலக மாநாட்டிற்குச் சிங்கப்பூரின் பேராசிரியர் டாமி கோ ஆயத்தக் குழுவின் தலைவராகப் பணியாற்றினார். ஆயத்தக் குழுவின் அமர்வுகள் 1990 முதல் இரண்டாண்டுக் காலம் நைரோபி, ஜெனிவா, நியூயார்க் நகரங்களில் நீண்டன. அம்மாநாடு ஏற்ற செயல்திட்டத்தின் 36ஆவது இயல் கல்விக்கென ஒதுக்கப்பட்டது. ரியோவில் கூடிய நாள்கள் சில. அவற்றிற்குமுன் உழைத்த திங்கள்கள் பல.

திட்டமிடுவோர்க்கு

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடங்கள் மூன்று. முதலாவது, பெரிய கூட்டத்திற்கு முன் சிறிய கூட்டங்கள் வேண்டும். பெல்கிரேடும் பாங்காக்கும் இன்றித் திபிலிசி இல்லை. அதுபோல, பள்ளிதோறும் மாணவர் தம் வட்டாரத்து நீரையும் குப்பையையும் ஓராண்டேனும் ஆராய்ந்த பின்னரே மாநாட்டு மேடை ஏறுதல் தகும்.

இரண்டாவது, மண்டபத்தில் கேட்பதைக் காலால் நடந்தும் காண வேண்டும். சிங்கப்பூரில் இத்தகைய மாநாடு கூடுமாயின், தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாய் வழியே நடக்கும் ஒரு காலைப்பொழுது நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுதல் நன்று. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டினால் உருவான நீர்த்தேக்கத்தில் இக்கால்வாயின் நீரும் சேர்கிறது. எருமை குளித்த வட்டாரத்தின் மழைநீர் இன்று குடிநீருக்கு உதவுகிறது என்பதை அயல்நாட்டு மாணவருக்கு எடுத்துரைக்கச் சிராங்கூன் சாலையின் தெருப்பெயர்களே போதும். அப்பெயர்களின் பொருளை விளக்கத் தமிழாசிரியரைவிடத் தக்கவர் யார்?

மூன்றாவதே மிகவும் இன்றியமையாதது. தூய்மையின் பயனைப் போலவே அதன் விலையும் மாணவர்முன் வைக்கப்பட வேண்டும். பண்ணையை இழந்தவர், தெருக்கடையை விட்டுச் சென்றவர், தலைமுறையாக வாழ்ந்த கம்பத்தைப் பிரிந்தவர் ஆகியோரின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் மாணவன், சுற்றுப்புறம் என்பது மரமும் ஆறும் மட்டுமன்று, மனிதரும் அதனுள் அடங்குவர் என்பதை உணர்வான். அந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர்கள் சொல்லாமல் போனால், அடுத்த தலைமுறைக்குக் கால்வாய் வெறும் கால்வாயாகவே தோன்றும்.

மாநாட்டுத் தீர்மானங்கள் நூலகத்தில் உறங்கலாம்; கால்வாய் உறங்குவதில்லை. அதன் கரையில் மாணவரை அழைத்துச் சென்று நிறுத்தும் ஆசிரியரே திபிலிசியின் ஐந்தாம் படியை நிறைவு செய்பவர்.